பழைய முறை

பழுப்பு நிறச் சூட்கேஸைத் திறந்து, அதிலிருந்து ஒரு மனிதனின் மேல்பாதியை எடுத்து கேன்டீன் மேஜைமேல் படுக்கவைத்தார் டாக்டர் ஞானம்மாள். பதினெட்டுப் பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள். தலை, கழுத்து, மார்பு, அதோடு சரி. ரப்பர் பொம்மை. வாய் பாதி திறந்து, ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டவனைப் போல மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவன், "நம்ம சூப்பர்வைசரு மாறியே கீறாம்பா" என்றான். டாக்டரும் சேர்ந்து சிரித்தார்.

அப்பாவு சிரிக்கவில்லை. முன்வரிசையில், கால்களைச் சேர்த்துவைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மின்விசிறிப் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக ஆம்புலன்ஸ் ரூமைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ கம்பெனிகளில் அப்படி ஓர் அறை உண்டு. ஒரு இரும்புக் கட்டில், ஒரு கண்ணாடி பீரோ, பஞ்சு, டிங்சர், சிவப்பு மருந்து, தலைவலி மாத்திரை. கம்பெனி டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு மணி நேரம் வந்துபோவார். மற்ற நேரமெல்லாம் அப்பாவுதான். பிரஸ் ஷாப்பில் விரல் நசுங்கினவனும், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவனும், ஒன்றுமே இல்லாமல் கொஞ்சம் படுத்துக்கொள்ள வருகிறவனும் அவனை "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் கண்ணில் விழுந்த தூளை ஈரப்பஞ்சின் நுனியால் அவன் எடுப்பது, எடுத்துக்கொள்கிறவனுக்கே தெரியாது.

அவனிடம் ஒரு முதலுதவிச் சான்றிதழும் இருந்தது. எழுபத்தொன்பதில் வாங்கியது. கண்ணாடி போட்டு மருந்து பீரோவுக்கு மேலே மாட்டியிருந்தான். போன மாதம் வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அதன் அருகே போய், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "இது மூணு வருஷத்துக்குத்தான் செல்லும். எம்பத்திரண்டோட முடிஞ்சுபோச்சே" என்றார். அதோடு ஏதோ எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அதன் விளைவுதான் டாக்டர் ஞானம்மாள் நடத்தும் இந்த முதலுதவி வகுப்பு. ஷிப்டு முடிந்து மூன்றரையிலிருந்து ஐந்து வரை, எட்டு நாள். ஒவ்வொரு செக்‌ஷனிலிருந்தும் ஒருவர். கடைசியில் வாய்மொழியும் செய்முறையுமாகப் பரீட்சை.

முதல் நாள் முக்கோணக் கட்டு. அன்றைக்கு அப்பாவுதான் ராஜா. கை எலும்பு முறிவுக்கான தூளியை அவன் கட்டிய வேகத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி டாக்டரே அவனை அனுப்பினார். வரிசையாகப் போய் முடிச்சுகளைச் சரிசெய்துகொண்டே வந்தவன் பேக்கிங் செக்‌ஷன் நாகம்மாவின் முன்னால் மட்டும் ஒரு கணம் நின்றான். அவள் முடிச்சு சரியாக இல்லை. "சரியா கீது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டான்.

நாகம்மா கன்னியப்பனின் மனைவி. கன்னியப்பன் இறந்து ஆறு வருடமாகிறது. அவன் வேலைக்குப் பதிலாக அவளுக்குப் பேக்கிங்கில் வேலை கொடுத்தார்கள். ஆறு வருடமும் ஒரே கேட் வழியாக வந்துபோயும் அப்பாவுவும் அவளும் அந்தச் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் ஆம்புலன்ஸ் ரூம் பக்கம் வந்ததே கிடையாது. ஒரு தடவை தகரம் கிழித்து உள்ளங்கையில் ரத்தம் சொட்டியபோதுகூட, முந்தானையைச் சுற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டான். அவள் ஏன் வரவில்லை என்பது தனக்குத் தெரியும் என்றுதான் அப்பாவு நினைத்துக்கொண்டிருந்தான்.

நான்காம் நாளான இன்று, டாக்டர் பொம்மையின் நெற்றியில் ஒரு கையும் தாடையில் ஒரு கையும் வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதினார். ரப்பர் மார்பு மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. பிறகு மார்பு எலும்பின் மேல் ஒரு உள்ளங்கை, அதன்மேல் இன்னொன்று. முழங்கையை மடக்காமல் அழுத்தினார். "மூச்சும் இல்ல, நாடியும் இல்லன்னா இதுதான். முன்னாடி எல்லாம் ஆளைக் குப்புறப் படுக்க வெச்சு, முதுகை அழுத்தி, முழங்கையைத் தூக்கிவிடுவாங்க. உங்கள்ல சில பேர் அதைப் படிச்சிருப்பீங்க. அதை மறந்துடுங்க. அதுல காத்து உள்ள போறது ரொம்பக் கம்மி. இதயத்துக்கு ஒண்ணுமே பண்ணாது. அதை விட்டுப் பல வருஷம் ஆச்சு."

அப்பாவுவுக்கு முதலில் அந்த வார்த்தைகள் சும்மா காதில் விழுந்தன. கொஞ்சம் கழித்துத்தான் உள்ளே இறங்கின.

கன்னியப்பன் இறந்த அன்று ஐப்பசி மழை. ஷெட்டின் ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வெல்டிங் செட்டை நகர்த்தப்போன கன்னியப்பன் கையை எடுக்க முடியாமல் நின்றான், பிறகு விழுந்தான். மெயினை அணைத்துவிட்டு நான்கு பேர் அவனைத் தூக்கிவந்து ஆம்புலன்ஸ் ரூம் கட்டிலில் போட்டார்கள். அப்பாவு ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதற்கும் ஏழு வருடத்துக்கு முன் படித்தது படித்தபடியே கைக்கு வந்தது. குப்புறப் போடு, முகத்தை ஒருபக்கம் திருப்பு, முதுகில் இரண்டு கையையும் விரித்துவை, அழுத்து, முழங்கையைத் தூக்கு. வேன் வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. இருபத்தைந்து நிமிடமும் அவன் நிறுத்தவில்லை. "போதும் வுடு டாக்டரே" என்று யாரோ தோளைத் தொட்டபோது தட்டிவிட்டான். தன்னால் முடிந்த அத்தனையையும் செய்தோம் என்ற ஒரே ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகும் அவன் அந்த அறையில் வேலைபார்த்தான்.

"டாக்டர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். நாகம்மா எழுந்து நின்றிருந்தாள். "அந்தப் பழைய முறையில முதுவ அய்த்துவாங்கன்னு சொன்னீங்களே. ரொம்ப நேரம் அய்த்துனா ஒடம்புல அடையாளம் வுயுமா?"

டாக்டர் யோசித்தார். "விழலாம்மா. பலமா, ரொம்ப நேரம் பண்ணியிருந்தா கைத்தடம் தெரியலாம். ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்று உட்கார்ந்தாள். உட்காரும்போது அவள் பார்வை முன்வரிசைக்கு வந்து அப்பாவுவின் மேல் நின்றது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவன் திரும்பிக்கொண்டான். தெரிந்துவிட்டது. அவன் செய்தது ஒன்றுக்கும் உதவாத முறை என்று இத்தனை வருடம் கழித்து இன்று தெரிந்துவிட்டது அவளுக்கு. பொம்மையிடம் ஒவ்வொருவராக வரச்சொன்னபோது, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு அயனம்பாக்கம் வழியாகத் திருவேற்காட்டுக்கு வந்துசேர்ந்தவனுக்கு, வழியில் எதைப் பார்த்தோம் என்பதே நினைவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. நான்கு மணிக்கெல்லாம் வீட்டில் வந்து நின்றவனைப் பார்த்து, "இன்னாய்யா, கிளாஸ் இல்லியா?" என்றாள் அவன் மனைவி சொர்ணம். "இல்ல" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போடப் போனாள். அவள் திரும்பிவந்தபோது அவன் பாயில் முட்டிபோட்டு, தலையணையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தான். அழுத்தவில்லை. வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். சொர்ணம் தம்ளரை அருகில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தாள்.

மூன்றாம் நாள் பர்சனல் ஆபீசர் மனோகரன் கூப்பிட்டனுப்பினார். இளைஞர், நல்லவர், கோபப்படத் தெரியாதவர். "அப்பாவு, இன்னும் ரெண்டு நாள்தான் கிளாஸ். நீங்களே வரலன்னா எப்படி? ஆம்புலன்ஸ் ரூம்ல இருக்கிறவருக்குச் செல்லுபடியாகுற சான்றிதழ் இருக்கணும்னு எழுதிட்டுப் போயிருக்காங்க. பாஸ் பண்ணலன்னா நான் உங்களை ஸ்கிராப் யார்டுக்குத்தான் போடணும். எனக்கு வேற வழியில்ல."

"போடுங்க சார்" என்றான் அப்பாவு.

மனோகரன் பேனாவை மூடி வைத்தார். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

ஆம்புலன்ஸ் ரூமுக்குத் திரும்பிவந்தான். ஸ்கிராப் யார்டை நினைத்தால் நிம்மதியாகத்தான் இருந்தது. துருப்பிடித்த தகடுகளுக்கு நடுவில் யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு ஓடிவரப்போவதில்லை. கட்டுத்துணிகளை மடித்து அடுக்கிவைத்தான். கத்தரிக்கோல்களை வெந்நீரில் போட்டான். அடுத்து வருகிறவன் தேட வேண்டியிருக்கக் கூடாது என்று, ஒவ்வொரு பாட்டிலையும் பெயர் தெரிகிறமாதிரி திருப்பிவைத்தான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தான். நாகம்மா. கையில் வகுப்பு நோட்டு. நிலைப்படிக்கு வெளியே நின்றிருந்தாள்.

"இன்னாண்ணே, ரெண்டு நாளா கிளாஸ்ல ஆளையே காணோம்?"

"ஒடம்பு சரியில்ல."

அவள் உள்ளே பார்த்தாள். பீரோவை, மேஜையை, கடைசியாகக் கட்டிலை. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைகிறவளைப் போல வலதுகாலை எடுத்து உள்ளே வைத்தாள். கட்டில் வரைக்கும் நடந்தாள்.

"இந்தக் கட்டில் தானே?"

"ஆமா."

"இத்தப் பாக்கணுமேன்னுதான் இத்தினி வருசமா இந்தப் பக்கமே வர்ல." விரிப்பின் ஓரத்தைத் தடவினாள். பிறகு அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே கேன்டீனில் தட்டுகள் கழுவும் சத்தம்.

"அவரக் குளிப்பாட்டும்போது திருப்பினாங்கண்ணே. முதுவுல ரெண்டு கை. பத்து வெரலும் தெரிஞ்சிது. செக்கச் செவேல்னு." தன் இரண்டு கைகளையும் விரித்துக் காண்பித்தாள். "யாரோ அடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன். கம்பெனில எதுனா சண்ட, அடிச்சித் தள்ளி வுட்டுட்டாங்க, அப்பால கரண்டுன்னு சொல்றாங்கன்னு. எங்க கொழுந்தனாரு கேஸு போடலாம்னு குதிச்சாரு. அதுக்குள்ளாற இவங்க வேல தர்றேன்னு கூப்ட்டாங்க. ரெண்டு பொண்ணு. நான் வாயத் தொறக்கல. தெனம் இந்த கேட்ல நொழையும்போது, எந்தக் கையின்னு ஒவ்வொருத்தன் கையா பாத்துகினுதான் வருவேன்."

அப்பாவு தன் கைகளைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டான்.

"அன்னிக்கு டாக்டரம்மா சொல்ல சொல்லத்தான் புரிஞ்சிது. அது நீதானா?"

"நான்தான்." மறுபடியும் சொன்னான். "நான்தான் நாகம்மா. இருவத்தஞ்சி நிமிசம். எனக்குத் தெரிஞ்சது அதான். அது தப்பான முறையாம். நீயும்தான் கேட்டியே. காத்தே போவாதாம். நெஞ்ச அய்த்தியிருந்தா அவன் ஒருவேள…"

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். நாற்பத்தாறு வயது மனிதன், விரல் துண்டான பையன்களை மடியில் போட்டு அதட்டி அடக்கியவன், சிறுபிள்ளையைப் போல அழுதான். நாகம்மா எழுந்துவந்து சமாதானப்படுத்தவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்து, அவன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

"அந்த நெனப்பு எனக்கும் வந்திச்சிண்ணே. பொய் சொல்லல. ரெண்டு நாளு உன்மேல அவ்ளோ கோவம். இப்பவும் கொஞ்சம் கீது." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அவர யாரும் அடிக்கல. அது தெரிஞ்சிப் போச்சு. அது எனக்கு எவ்ளோன்னு உனுக்குத் தெரியாது."

பிறகு கேட்டாள்: "நீ படிச்சது எழுவத்தொம்பதுலன்னாங்க. அப்பால கூப்ட்டு சொல்லிக் குடுக்கலியா யாரும்?"

"கூப்புடல."

"நீயும் கேக்கல."

அப்பாவு கண்ணைத் துடைத்தான். பீரோவுக்கு மேலே மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தான். "நானும் கேக்கல" என்றான்.

சைரன் ஊதியது. நாகம்மா எழுந்து விரிப்பின் சுருக்கத்தைச் சரிசெய்தாள். "பரீட்சையில ரெண்டு ரெண்டு பேரா பண்ணணுமாம். ஒருத்தர் நெஞ்ச அய்த்தணும், ஒருத்தர் மூச்சு ஊதணும். எங்கூட யாரும் சேர மாட்டேன்றானுங்க, பொம்பளன்னு வெக்கப்பட்றானுங்க. நீ வர்றியா?"

அவன் வெந்நீரிலிருந்து கத்தரிக்கோல்களை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான்.

"நீ வர்லன்னா டாக்டரம்மா, சூப்பர்வைசர கிண்டல் பண்ணானே, அந்தப் பையனோட போடுவாங்க. அவனுக்கு ஒண்ணு ரெண்டே ஒய்ங்கா எண்ணத் தெரியாது" என்றாள். அழுத முகத்தோடு அவள் சிரித்தது விநோதமாக இருந்தது.

அன்று மூன்றரைக்கு அவன் போனான். டாக்டர் ஞானம்மாள் ஒன்றும் கேட்காமல் பொம்மையின் பக்கத்தில் இடம் காட்டினார். கை வைத்ததுமே உடம்பு பழைய வழியில் போகப் பார்த்தது, விரல்கள் விரிந்துகொண்டன. "விரலைத் தூக்குங்க, உள்ளங்கை மட்டும்" என்று டாக்டர் அவன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார். புதிதாக ஒன்றைக் கற்பதைவிட, கைக்குத் தெரிந்ததைக் கைவிடவைப்பது கடினமாக இருந்தது. இருபது தடவை தப்பாகச் செய்தான். முதல் நாள் அவனிடம் முடிச்சு கற்றுக்கொண்ட பையன்களெல்லாம் அவனைவிட நன்றாகச் செய்தார்கள். வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே செய்தான். சனிக்கிழமை மதியம் நாகம்மா சாப்பாட்டு டப்பாவோடு ஆம்புலன்ஸ் ரூமுக்கே வந்துவிட்டாள். கட்டிலில் தலையணையைப் போட்டுக்கொண்டு அவன் அழுத்த, அவள் எண்ணினாள். அவள் தூளிக்கட்டின் முடிச்சை அன்றைக்குத்தான் அவிழ்த்துவிட்டுச் சரியாகக் கட்டக் காண்பித்தான். "மொத நாளே சொல்லியிருக்கலாமில்ல" என்றாள்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு வயதான டாக்டர் வந்திருந்தார். நிறைய பேசாதவர். பாம்புக்கடி கேட்டார், தீக்காயம் கேட்டார். தீக்காயத்துக்கு என்ன தடவுவாய் என்றபோது, "ஒண்ணும் தடவக் கூடாது சார், சுத்தமான தண்ணி ஊத்திக்கினே இருக்கணும்" என்றான் அப்பாவு. பேனா மை தடவிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறான். பிறகு அவர் பொம்மையைக் காட்டினார். "மின்சாரம் தாக்கி விழுந்துட்டான். ரெண்டு பேரும் வாங்க."

எல்லாக் கேள்விகளிலும் அந்தக் கேள்வியா வர வேண்டும். அப்பாவு நாகம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏற்கெனவே பொம்மையின் தலைமாட்டில் முட்டி போட்டுவிட்டாள்.

"மெயினு ஆஃப் பண்ணியாச்சா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"ஆச்சு" என்றான் அவன்.

அவள் தலையைச் சாய்த்து, காதை வாயருகே வைத்துக் கேட்டாள். கழுத்தில் விரல் வைத்தாள். இரண்டு முறை ஊதினாள். அவன் விலா எலும்பின் ஓரமாக விரலை நகர்த்தி இடத்தைக் கண்டுபிடித்து, கைகளை வைத்து, விரல்களைத் தூக்கிக்கொண்டான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அவள் ஊதினாள். மார்பு உயர்ந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஊதினாள். இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். அவள் ஒரு தடவைகூடப் பொம்மையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் நெற்றி வியர்வை சொட்டி ரப்பர் மார்பில் விழுந்து தெறித்தது. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்" என்றார்.

ஏதோ குறித்துக்கொண்டு, அப்பாவுவிடம் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தச் சான்றிதழ் எவ்வளவு நாளைக்கு?"

"மூணு வருசம் சார்."

"அதுக்கப்புறம்?"

"வந்து நிப்பேன் சார். யாரும் கூப்புடலன்னாலும் வந்து நிப்பேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். முடிவு தபாலில் வரும், ஒரு மாதமாகும் என்றார்.

வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. இரண்டாம் ஷிப்டு ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் ரோடு காலியாகக் கிடந்தது. அப்பாவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நாகம்மாவோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தான். அவள் வழியெல்லாம் தன் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வந்தாள். பொம்மையின் வாயைத் துடைத்த ஸ்பிரிட் நாற்றம் போகவேயில்லை என்றாள்.

"வாய்மொழில உன்ன இன்னா கேட்டாரு?" என்றான் அப்பாவு.

"நாடி நிமிசத்துக்கு எத்தினி அடிக்கும்னாரு. எழுவத்திரண்டுன்னேன். சரின்னுட்டாரு." கொஞ்ச தூரம் போய், "எனுக்கு எவ்ளோ அடிக்கிதுன்னு நான் பாத்ததேயில்லண்ணே" என்றாள்.

"வாட்சி இல்லாம எப்டி பாப்ப?"

அவன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி நீட்டினான். "நாளைக்கிக் குடு."

அவள் தயங்கி வாங்கிக்கொண்டாள். பூந்தமல்லி பஸ் வந்தது. கூட்டமில்லை. பெண்கள் பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்தாள். கண்டக்டர் பின்படிக்கட்டில் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததில் பஸ் உடனே எடுக்கவில்லை. அப்பாவு சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். கையசைப்பாள் என்று நினைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கடிகாரத்தை மடியில் நிமிர்த்திவைத்து, இடது மணிக்கட்டின் மேல் மூன்று விரல்களை அழுத்தி, தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். முதலில் இடம் கிடைக்கவில்லை போலிருந்தது. விரல்கள் இங்கும் அங்கும் தேடின. பிறகு நின்றன. அவள் முகம் கேட்கிறவளின் முகமானது. விசில் ஊத, பஸ் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் அவள் உதடுகள் எண்ணிக்கொண்டே போயின.